இஸ்திரிப்பெட்டிக்கு வைத்த பொட்டு

1

தம்பி கடிதம் போட்டிருக்கிறான். எங்கள் ஊர் அறந்தாங்கிக்குக் கிழக்கே இருக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த ஊர்க்காரனுக்கே தெரியாது. அங்கே இப்போது வாசகசாலை வந்துவிட்டதாம். அவனும் அவன் கூட்டாளிகளும் அதில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்களாம். "அக்கா, மலாயாவில் விசிறி, அடுப்பு, இஸ்திரிப்பெட்டி எல்லாம் கரண்டில் ஓடுமாமே. அதெல்லாம் கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவீர்கள்? அதற்கென்று கடை உண்டா? விவரமாக எழுது. எல்லாரும் படிக்க ஆவலாக இருக்கிறோம்" என்று கேட்டிருக்கிறான்.

நல்ல கேள்விதான். நீங்கள் சீமைச் சாமான் கதை கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் சொல்லப்போவது வேறு. எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இதை எழுதுகிற இன்று ஆயுத பூஜை. ஜப்பான்காரன் போய் ஒரு வருஷம் ஆகிறது. சுங்கை பட்டாணியில் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் எங்களுக்கு ஒரு டோபிக் கடை இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் துணி வெளுத்துத் தேய்க்கிறோம். காலையில் இஸ்திரிப்பெட்டியைத் துடைத்து, மனைப் பலகையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு செம்பருத்தியும் வைத்தாயிற்று. நாளை மறுபூஜை ஆகும்வரை அதைத் தொடக் கூடாது.

அதற்குள் மகள் பாக்கியம் பள்ளிக்கூடத்துக் கவுனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா, நாளைக்குப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வராரு. இப்பவே தேச்சுக் குடுங்கம்மா."

"இன்னிக்குப் பொட்டியத் தொடக் கூடாதுடி."

"ஏன் தொடக் கூடாது? அது இரும்புதானே? டீச்சர் மாராவாப் பேசுவாங்கம்மா!"

மாரா என்றால் மலாயில் கோபம். இவள் பேச்சில் தமிழ் பாதி, மலாய் பாதி. ஜப்பான் காலத்தில் பள்ளிக்கூடத்தில் கிழக்கே பார்த்து அவர்கள் சக்கரவர்த்திக்குக் குனிந்து கும்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டிருந்தாள். இன்றும் கயிறு தாண்டும்போது ஜப்பான் பாஷையில்தான் எண்ணுகிறாள். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அவளுக்கோ அது வெறும் விளையாட்டு.

"ஏன் தொடக் கூடாது?" என்கிற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் வேலாயுதத்திடம்தான் போய் முடியும். உங்களுக்கே சொல்லிவிடுகிறேன்.

2

ஊரில் என் அப்பா புளியங்கட்டைக் கரி போட்டுப் பித்தளைப் பெட்டியில் தேய்த்தார். பொழுது சாய்ந்தால் வீடு வீடாகக் கொல்லைப்புறத்தில் நின்று சோறு வாங்கி வருவோம். அதை நினைத்து ஏங்குகிறவள் நானல்ல. பாதிரியார் பள்ளியில் நாலெழுத்துப் படித்தேன். கல்யாணம் ஆனது. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவுக்குத் துணி வெளுக்கும் வேலை என்றார்கள். கப்பல் ஏறினோம். இங்கே யாரும் எங்களைக் கொல்லைப்புறம் போகச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வடக்கே ஜித்ராவில் சண்டை என்று கேள்விப்பட்டு நாங்கள் மூட்டை கட்டுவதற்குள், துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். போகும்போது நாயை அவிழ்த்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்தில் பால் வெட்டு நின்றது, சம்பளம் நின்றது, அரிசி நின்றது. மரவள்ளியைத் தின்றே மனிதர்களுக்கு முகம் ஊதியது.

சுங்கை பட்டாணியில் வெள்ளைக்காரர்களின் கிளப்பை ஜப்பான் அதிகாரிகள் மெஸ்ஸாக்கிக்கொண்டார்கள். அங்கே டோபி வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அந்தப் பட்டைதான் அவர் உயிர். சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயங்களில் ஆண்களே இல்லாமல் போனது. பட்டை கட்டினவனை மட்டும் லாரிக்காரன் விட்டுவிடுவான். மெஸ்ஸில் வேலை போனால் பட்டை போகும், பட்டை போனால் மறுநாள் சயாம்.

முதலில் எங்கள் கரிப்பெட்டியில்தான் தேய்த்தேன். ஒருநாள் பொறி தெறித்து ஓர் அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் மிளகு அளவு ஓட்டை விழுந்தது. தேய்த்தது நான். என் வீட்டுக்காரரைத்தான் வெயிலில் முட்டிபோட வைத்து, அந்தப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். கை தாழ்ந்தபோதெல்லாம் அடி. சாயங்காலம் அவரை நானும் மெஸ் தோட்டக்காரனும் தூக்கிக்கொண்டு வந்தோம். மறுநாள் அதே அதிகாரி, கிளப்பில் கிடந்த கரண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பக்கவாட்டில் கிளப்பின் முத்திரை வெட்டியிருந்தது. இனிமேல் இதுதான் என்று சைகை காட்டினான். இது உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினான்.

சாம்பல் இல்லை, புகை இல்லை, பொறி இல்லை. தம்பி, நீ கேட்ட சீமைச் சாமான் அதுதான். ஒவ்வொரு நாளும் அதைப் பயந்து பயந்துதான் தொட்டேன்.

3

கெட்டுப்போயிற்று. ஒரு காலை சொருகினேன், சூடு ஏறவில்லை. குலுக்கினால் உள்ளே ஏதோ கலகலவென்றது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பட்டை கட்டிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கரிப்பெட்டியை ஒளித்து எடுத்து வந்து, கங்குகளைத் தனித்தனியாகப் பொறுக்கிப் போட்டு, ஈரத்துணியை மேலே விரித்துத் தேய்த்தேன். அப்படி எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்? அதிகாரி பின்கட்டுக்கு வந்து ஒருமுறை மூக்கை உறிஞ்சினால் கரிவாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

யுத்தத்துக்கு முன் கடைத்தெருவில் இதற்கென்று இரண்டு கடைகள் இருந்தன. இரண்டும் பூட்டிக் கிடந்தன. வானொலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், மின்சார வேலை தெரிந்தவர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்று தமுக்கு அடித்திருந்தார்கள். பெயர் கொடுக்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரில் யாருக்கும் அந்த வேலை தெரியாமல் போயிற்று. கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்தவன்கூட மீன் விற்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கோத்தா கோலா மூடாப் பக்கம் போய்விட்டான்.

நான் கடை கடையாகப் போய் ஓடுகிற சாமானைத் தேடினேன். கெட்டுப்போனது எல்லாரிடமும் இருந்தது, ஓடுகிறது யாரிடம் என்றுதான் பார்த்தேன். காசிம் பாயின் சாப்பாட்டுக் கடையில் மேசைமேல் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் அப்போது சோறு இல்லை, கறி இல்லை, மரவள்ளி ரொட்டியும் வெறுங்காப்பியும்தான். ஆனால் விசிறி சுற்றியது. இறக்கையில் ஒன்றுக்குத் தகரம் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது. பழுதுபார்க்க ஒருவன் இருக்கிறான் என்று அந்தத் தகரம் எனக்குச் சொல்லிவிட்டது.

"பாய், இந்த விசிறிய யாரு பாத்துக் குடுத்தா?"

"அது கெடவே இல்ல தங்கச்சி. அல்லா புண்ணியம்."

"தகரம் வச்சுத் தைச்சிருக்கே?"

"காப்பி குடிச்சாச்சுன்னா எந்திரிச்சுப் போ."

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில் கரிப்பெட்டியால் சுட்டுக்கொண்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "என் வீட்டுக்காரரு சயாம் போகணுமா பாய்?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் பதறி எழுந்து வாசலைப் பார்த்தார்.

"கத்தாதே புள்ள! நானே கூட்டிட்டுப் போறேன். கூடையில மேலாக்கக் கிழங்கு போட்டு எடுத்துட்டு வா. எனக்கும் உனக்கும் நடுவுல தூரம் விட்டு நட."

4

ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு சிறிய கடை. முன்னால் மரவள்ளிக் கிழங்கு குவிந்திருந்தது. ஒரு பெண் கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் செல்லம்மா. தட்டியைத் தாண்டினால் உள்ளே ஒரு பலகை, ஒரு முக்காலி, அதில் அவள் புருஷன் வேலாயுதம். முன்பு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் விளக்கு, விசிறிக்கெல்லாம் ஒயர் போட்டவராம். என்னைவிட வயதில் சிறியவர். ஒல்லி. கிழங்கு விற்கிறவர் போட வேண்டிய அழுக்குப் பனியன் போடாமல், காலர் வைத்த சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. எங்கள் தொழில் அப்படி.

கூடையிலிருந்து பெட்டியை எடுத்தேன். முத்திரையைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"இது மெஸ்ஸு சாமானாச்சே. யாருக்காவது தெரிஞ்சுதுன்னா எங்க ரெண்டு பேரையும் தோலை உரிச்சிருவாங்கக்கா."

"தெரியும் தம்பி. வேற போக்கில்ல."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அண்ணனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "சயாமுக்குச் சரியான வயசுதான்" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

உள்ளே இருந்த கம்பி எரிந்து துண்டு துண்டாகக் கிடந்தது. புதுக் கம்பி எங்கே கிடைக்கும்? யாரோ ஓடிப்போன துரை வீட்டு அடுப்பிலிருந்து உருவிய கம்பியை வைத்திருந்தார். அதை அபிரகத் தகட்டில் சுற்றினார். சுற்றிச் சுற்றிப் பார்த்து, இரண்டு தடவை பிரித்து, மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தியானது. மூடுவதற்கு முன், சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக் குங்குமத்தில் விரலைத் தொட்டு, மூடியின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"உள்ள எதுக்குத் தம்பி? யாரு பாக்கப் போறா?"

"வெளிய வச்சா நம்ம கை பட்டதுன்னு சேதி சொல்லிரும்க்கா. வைக்காம குடுக்க மனசு கேக்கல. அதான் உள்ள."

சொருகினார். சூடு ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்லம்மா ஓர் அடையைக் கையில் வைத்து, "சாப்பிட்டுக்கிட்டே போங்கக்கா, பாக்கறவங்க அடை வாங்க வந்ததா நினைக்கட்டும்" என்றாள். அப்படி ஒரு அடையை நான் அதுவரை தின்றதில்லை. உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வாய் முழுக்க வைத்துக்கொண்டு அழுதுகொண்டே நடந்தேன்.

5

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷத்து ஆயுத பூஜை. பெட்டியின் ஒயரில் சுற்றியிருந்த நூல் கிழிந்து உள்கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. அதிகாரி அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தான், வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பெட்டியை வேலாயுதத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன். பூஜையன்று காலை எடுத்துவரப் போனேன்.

தட்டிக்குப் பின்னால் போனதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பலகையைக் கழுவி, வாழையிலை விரித்து, குறடு, திருப்புளி, ஈயம் பற்றவைக்கும் கோல், சின்னச் சுத்தியல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். சந்தனம் கிடைக்கவில்லை. குங்குமம் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செல்லம்மா செய்தது. பொரி இல்லை, கடலை இல்லை, அவித்த மரவள்ளிதான் படையல். நடுவில் என் இஸ்திரிப்பெட்டி. அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய பொட்டு.

"ஒயரு மாத்திட்டேன்க்கா. ஆனா இன்னிக்குத் தர மாட்டேன். நாளைக்கு மறுபூசை பண்ணி எடுத்துக்கலாம்."

"வெளியவே பொட்டு வச்சிட்டியே தம்பி."

"வருசம் பூரா ஒளிச்சு ஒளிச்சு வேலை வாங்குறோம். இன்னிக்கு ஒரு நாளாவது அதுங்களுக்கு வெளிச்சம் காட்ட வேணாமா?"

நான் எடுத்துக்கொடு என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. படையலில் இருக்கிற பெட்டியை எடுக்க என் கையும் வராது. அவருக்குப் புத்தி இல்லை என்று பின்னால் சிலர் பேசினார்கள். பேசியவர்களில் எத்தனை பேர் அன்று தங்கள் வீட்டில் மண்வெட்டிக்கும் பால் வெட்டும் கத்திக்கும் பொட்டு வைக்காமல் இருந்தார்கள்? சோறு போடுகிற சாமானுக்குச் செய்யாமல் விட எங்கள் ஆட்களால் முடியாது. அவ்வளவுதான்.

கற்பூரம் இல்லாமல் எண்ணெய்த் திரி காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் லாரி நின்றது. அந்த வரிசையில் எந்த வீட்டிலோ அரிசி பதுக்கியிருப்பதாகச் சேதி போயிருக்கிறது. அரிசிக்குத்தான் வந்தார்கள். சிப்பாய்கள் கிழங்குக் குவியலைத் துப்பாக்கிக் கட்டையால் கிளறினார்கள். ஒருவன் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் ஓர் அதிகாரி, கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழர்.

"பழைய இரும்புங்க. எடைக்குப் போட வச்சிருக்கேன். எனக்கு வேலையெல்லாம் தெரியாது, கிழங்கு விக்கிறவன்" என்றார் வேலாயுதம். குரலில் நடுக்கமே இல்லை. தமிழர் அப்படியே சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டுத் திரும்பினான். திரும்பியவன் நின்று, திருப்புளி ஒன்றை எடுத்தான். குங்குமம் ஈரமாக இருந்தது. அவன் விரலில் ஒட்டிக்கொண்டது.

"இனி அப்பா?" என்றான். இது என்ன என்று அவனுக்குத் தெரிந்த மலாயில் கேட்டான்.

தமிழர் படையலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி மறுபடி அதட்டினான். "செம்பாயாங்" என்றார் தமிழர், தலையைக் குனிந்துகொண்டே. பூஜை என்று அர்த்தம். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவரை நான் இன்றுவரை திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அதிகாரி சிரித்தான். "கெர்ஜா தாடா, கெனாப்பா செம்பாயாங்?" என்று கேட்டான். வேலை இல்லை என்கிறாய், வேலை இல்லாததற்கு எதற்குப் பூஜை? அந்தக் கேள்விக்கு எந்தத் தமிழனாலும் பதில் சொல்ல முடியாது.

பிறகு அவன் பார்வை இஸ்திரிப்பெட்டி மேல் போயிற்று. முத்திரையைத் தடவிப் பார்த்தான். இது யாருடையது, எப்படி இங்கே வந்தது என்று தமிழர் கேட்டார். நான் கையில் கூடையோடு மூலையில் நின்றேன். வேலாயுதம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாயா சூரி" என்றார். நான் திருடினேன். பிறகு தமிழிலும் சொன்னார்: "மெஸ்ஸு பின்கட்டுல ஆற வச்சிருந்தாங்க. நான்தான் எடுத்துட்டு வந்தேன். இந்தம்மா கிழங்கு வாங்க வந்தவங்க. அவங்கள அனுப்பிருங்க."

என் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மூன்று பேர் போயிருப்போம், பாக்கியம் தெருவில் நின்றிருப்பாள். இதை நான் குற்றம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அடித்துத்தான் லாரியில் ஏற்றினார்கள். படையல் கிழங்கு மண்ணில் கிடந்தது. குறடு, திருப்புளி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். செல்லம்மா லாரிக்குப் பின்னால் ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். தண்டவாளம் வரை ஓடினோம்.

6

பெட்டி மெஸ்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டது. கவனமில்லாமல் திருட்டுக் கொடுத்ததற்கு எனக்கு இரண்டு அறை. வீட்டுக்காரர் கைப்பட்டை அப்படியே இருந்தது. கைப்பிடியில் அந்தப் பெரிய பொட்டும் அப்படியே இருந்தது. அதைத் துடைக்காமல், யார் கண்ணிலும் படாதபடி துணி சுற்றி, அதே பெட்டியில் மறுநாளும் அவர்கள் சட்டையைத் தேய்த்தேன். தேய்க்கும்போது என்னென்ன சாபம் விட்டேன் என்பதை உங்கள் பத்திரிகையில் எழுத முடியாது.

ரயில் பாதை போட்டு முடிந்துவிட்டது, இனி ஆள் பிடிக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பாதை முடிந்தால் என்ன? குண்டு விழுந்து பாலம் உடைந்தால் கட்ட ஆள் வேண்டுமே. வேலாயுதத்தைச் சிறையில் வைத்திருந்து, புண் ஆறுவதற்குள் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மின்சார வேலைக்குக்கூட இல்லை. மண் சுமக்க.

செல்லம்மா என்னோடு பேசவில்லை. நான் வாரா வாரம் போய் அடை வாங்குவேன். அவள் முகம் பாராமல் கொடுப்பாள். அந்த நாளில்தான் நாங்கள் இருக்கிற கெடா மாநிலத்தைச் சயாம்காரனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஆபீஸில் கொடி மாறியது, முத்திரை மாறியது, வாங்கி வைத்த அனுமதிச் சீட்டையெல்லாம் மறுபடி வாங்கச் சொன்னார்கள். ஜப்பான் சிப்பாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். அன்றைக்குத்தான் செல்லம்மா தானாக என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. கெடாவும் இப்ப சயாமு ஆயிருச்சாமே? அப்ப அவரு இருக்கிறதும் இதுவும் ஒரே நாடுதானே? நடந்தே வந்துரலாம்ல?"

"வந்துரலாம் செல்லம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

யுத்தம் முடிந்ததும் சயாமிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரயில் வருகிற நாளெல்லாம் அவள் ஸ்டேஷனில் நின்றாள். எனக்கு ஒழிந்த நாளில் நானும் போய் நின்றேன். இறங்குகிறவர்களை அடையாளம் தெரியாது. சிலரைப் பெற்ற தாய்க்கே தெரியவில்லை. மெஸ்ஸைக் காலி பண்ணியபோது குப்பையோடு வீசிய கரண்டுப் பெட்டியை என் வீட்டுக்காரர் எடுத்து வந்தார். அதை வைத்துத்தான் இந்த டோபிக் கடை போட்டோம். ஊர் நிமிர்ந்துவிட்டது என்கிறார்கள். கடைத்தெருவில் கண்ணாடி வைத்து, பெரிய எழுத்தில் பலகை மாட்டி, விசிறியும் வானொலியும் பழுதுபார்க்கிற புதுக்கடை வந்திருக்கிறது. பாக்கியம் அதன் வாசலில் நின்று வாய் பிளந்து பார்க்கிறாள். நான் எதிர்ப்பக்கம் நடந்து போய்விடுகிறேன்.

7

போன வாரம் ராமன் வந்தான். புக்கிட் செலம்பாவ் தோட்டத்து ஆள். சயாமில் வேலாயுதத்தோடு ஒரே கொட்டகையில் படுத்தவன். அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறான். செல்லம்மா கடையில் உட்கார்ந்து சொன்னான். நானும் இருந்தேன்.

"இதுதான் ஆயுத பூசைன்னு நாங்களே ஒரு நாள வச்சுக்கிட்டு செம்மண்ணக் கொழச்சு மண்வெட்டிக்குப் பொட்டு வச்சோம் தங்கச்சி. பழக்கம் போகுமா? அண்ணன் மட்டும் வைக்க மாட்டேன்னுட்டாரு. 'இது எனக்குச் சோறு போடல, என்னைத் திங்குது'ன்னாரு. இடுப்புல ஒரு துண்டு ஒயரு கம்பி முடிஞ்சு வச்சிருந்தாரு. அத எடுத்து வச்சு, அதுக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டாரு."

"அப்புறம்?" என்றாள் செல்லம்மா.

"அப்புறம் பேதி கண்டுச்சு. நெறையப் பேரோட சேத்து எரிச்சுட்டாங்க. எந்த நாளுன்னு எனக்குச் சொல்லத் தெரியல தங்கச்சி. எங்களுக்கு அங்க நாளே தெரியாது."

அவள் அழவில்லை. ராமனுக்கு ஓர் அடை வைத்துக் கொடுத்தாள்.

இன்று காலை, பாக்கியத்தோடு நான் மல்லுக்கட்டி முடித்து இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, வாசலில் செல்லம்மா நின்றாள். நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. கையில் ஒரு வெள்ளைச் சட்டை, காலர் வைத்தது. துணிமணிப் பெட்டிக்குள் கிடந்து கசங்கியிருந்தது.

"அக்கா, இத தேச்சுக் குடுங்க."

"இன்னிக்கா செல்லம்மா?"

"இன்னிக்குத்தானே அவரக் கொண்டு போனாங்க. செத்த நாளு யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்ச நாளு இது ஒண்ணுதான். மத்தியானம் ஆத்தங்கரையில காரியம் வச்சிருக்கேன். உடம்பு இல்ல, சாம்பல் இல்ல, இந்தச் சட்டையத்தான் எலையில வைக்கப் போறேன். அவரு சாமான் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. அவரு கை வேலைன்னு மிச்சம் இருக்கிறது இந்தப் பொட்டி ஒண்ணுதான். இதுலதான் தேய்க்கணும்க்கா. கசங்கின சட்டை அவரு போட மாட்டாரு."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய், பெட்டி மேலிருந்த செம்பருத்தியை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தார்.

நான் பெட்டியைத் தூக்கினேன். பூஜையில் இருக்கிற கருவியை என் குடும்பத்தில் யாரும் தொட்டதில்லை. தொட்டேன். சொருகினேன். செல்லம்மா உள்ளங்கையைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் சுற்றிய கம்பி. வெளியே தெரியாத அவர் பொட்டு.

"சூடு ஏறுதுக்கா" என்றாள்.

கையை எடுக்கவே இல்லை. நான்தான் பிடித்து விலக்கினேன்.

முதுகைத் தேய்த்தேன், கைகளைத் தேய்த்தேன். கடைசியாகக் காலர். கைப்பிடியில் காலையில் வைத்த குங்குமம் என் விரலில் ஒட்டியிருந்திருக்கிறது, காலரைத் திருப்பும்போது வெள்ளையில் பட்டுவிட்டது. ஐயோ என்று ஈரத்துணியை எடுத்தேன். செல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. இனிமே எனக்கு அது எதுக்கு? அவரே கொண்டு போகட்டும்."

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன்.

அவள் போன பிறகு திரும்பிப் பார்த்தால், பாக்கியம் கவுனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "நாளைக்கே தேச்சுக்கலாம்மா" என்றாள்.

பெட்டி ஆறியபின் துடைத்து, மறுபடி பொட்டு வைத்து, பலகையில் வைத்திருக்கிறேன். இனி நான் ஆற்றங்கரைக்குக் கிளம்ப வேண்டும்.

தம்பி, கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவீர்கள், அதற்கென்று கடை உண்டா என்று கேட்டிருந்தாய். ஒரு கடை இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கிழங்குக் குவியலுக்குப் பின்னால். கடைக்காரர் பெயர் வேலாயுதம். அவர் இருந்தவரை அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட முடியவில்லை. நீங்கள் உங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.